ஆசையாக வாங்கிய ஹெட்போன் காதில் உட்கார மறுக்கிறதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ரொம்ப நாள் ஆசைப்பட்டு சென்ஹைசர் எச்டி 600 வாங்கினேன். பாட்டு கேட்க அருமை. ஆனால் அரை மணி நேரத்தில் காதுக்குக் கீழே, தாடை ஓரமாக வலி பிடித்துக்கொள்கிறது. மூக்குக்கண்ணாடி வேறு போடுகிறேன். திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். அது 1997இல் வந்த மாடல். இந்தப் புகாரும் கிட்டத்தட்ட அவ்வளவு பழசு. எடை 260 கிராம்தான், அதனால் உச்சந்தலையில் சுமை தெரியாது. வலிப்பது பக்கவாட்டுப் பிடியால். புதுச் செருப்பு கடிப்பது போலத்தான், போகப்போகத் தளரும். அதற்காக மாதக்கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு பாட்டு கேட்க வேண்டியதில்லை.

முதலில், உங்கள் தலையைவிட ஒரு விரற்கடை அகலமான புத்தக அடுக்கின் மேல் இரவில் மாட்டி வையுங்கள். காலையில் போட்டுப் பாருங்கள். போதவில்லை என்றால் இன்னும் சில இரவுகள். அப்படியும் தீராவிட்டால்தான் பட்டையில் கை வைக்க வேண்டும். இரண்டு கப்பையும் கீழே இழுத்து முழுக்க நீட்டினால் உள்ளிருந்து மெல்லிய ஸ்டீல் பட்டை வெளியே வரும். அந்த உலோகப் பகுதியை மட்டும் இரு கட்டைவிரல்களால் வெளிப்பக்கமாக மெல்ல நிமிர்த்துங்கள். கொஞ்சம் நிமிர்த்தி, போட்டுப் பார்த்து, மறுபடி கொஞ்சம். மேலே பஞ்சு வைத்த பிளாஸ்டிக் வளைவைப் பிடித்து இழுத்தால் விரிசல் விட்டுவிடும். இன்னொன்று, பட்டையை வளைத்த பிறகு கடைக்காரர் திரும்ப வாங்கிக்கொள்வார் என்று எதிர்பார்க்க முடியாது. திருப்பித் தரும் கெடு எப்போது முடிகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு, அதற்குள் புத்தக அடுக்கு முறையை முயன்றுவிடுங்கள்.

கண்ணாடி போடுபவர்களுக்கு ஒரு சின்னச் சோதனை. பாஸ், அதாவது கனத்த கீழ் ஒலி, நிறைய உள்ள ஒரு பாட்டை ஓடவிட்டு, இரண்டு கப்பையும் கையால் லேசாகத் தலையோடு அழுத்துங்கள். பாஸ் திடீரென்று கூடினால், காதைச் சுற்றி உட்காரும் மெத்தையான பேடைக் கண்ணாடிக் கம்பி தூக்கிக்கொண்டு நிற்கிறது, அந்த இடைவெளி வழியாகப் பாஸ் ஒழுகுகிறது என்று அர்த்தம். கப்பின் பின்பக்கம் மூடியிருக்கும் க்ளோஸ்டு பேக் ஹெட்போனில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். பாட்டு கேட்பதற்கென்று மெல்லிய கம்பி வைத்த கண்ணாடி ஒன்று வைத்துக்கொண்டால் வலி, பாஸ் இரண்டு தொல்லையும் குறையும். பிடியை அளவுக்கு மீறித் தளர்த்தினாலும் இதே ஒழுகல் வரும், அதனால் வலி நின்றதும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: ப்ளானர் வகை ஹெட்போன் வாங்க நினைக்கிறேன். எடை அதிகம் என்கிறார்கள். பழகிவிடுமா?

பதில்: பிடி பழகும், எடை பழகாது. ப்ளானரில், ஒலி எழுப்பும் பாகமான டிரைவர் அகலமான தகடு போல இருக்கும், அது முழுவதையும் காந்த வரிசை மூட வேண்டியிருப்பதால் எடை ஏறிவிடுகிறது. ஆடிஸி எல்சிடி வரிசையில் சில 600 கிராமைத் தாண்டும், அதாவது எச்டி 600ஐப் போல இரண்டு மடங்குக்கும் மேல். உச்சந்தலையில் ஒரே கோட்டில் அழுத்தும் பஞ்சுப் பட்டையைவிட, அகலமான தொங்குபட்டை வைத்த மாடல் எடையைப் பரப்பி வைக்கும். கழுத்து வலி ஏற்கெனவே இருக்கிறதென்றால் இந்த வகையை வாங்க வேண்டாம் என்பதே என் யோசனை. வாங்கியே தீருவது என்றால் ஒரு மணி நேரமாவது தலையில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கடையில் 5 நிமிடம் போட்டுப் பார்க்கும்போது எல்லா ஹெட்போனும் இதமாகத்தான் இருக்கும்.

கேள்வி: என்னிடம் பேயர்டைனமிக் டிடி 990 இருக்கிறது. பாடகர் குரலில் ‘ஸ’, ‘ச’ வரும் இடமெல்லாம் காதில் ஊசி குத்துவது மாதிரி இருக்கிறது. ஒலியில் வேண்டிய பகுதியை ஏற்றி இறக்கும் ஈக்வலைசர் (ஈக்யூ) போடலாமா என்று கேட்டதற்கு, “அவ்வளவு விலை கொடுத்து வாங்கிவிட்டு ஈக்யூ போட்டால் ஒலியின் தூய்மை கெட்டுவிடும்” என்கிறார் நண்பர். நிஜமா?

பதில்: உங்கள் நண்பரின் நம்பிக்கை பரவலானது. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. ஹெட்போன் செய்த பொறியாளர் பேடின் தடிமனையும், டிரைவருக்குப் பின்னால் ஒட்டிய தாளையும், கப்பில் போட்ட துளைகளையும் மாற்றி மாற்றி அமைத்ததும் ஈக்யூ வேலைதான், என்ன, அவர் கையில் இருந்தது கத்தரிக்கோலும் பசையும். சென்ஹைசர் எச்டி 800 2009இல் வந்தபோது 6 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒலி தூக்கலாகும் ஒரு மேடு இருந்தது, பலருக்குக் குத்தியது. பிறகு வந்த எச்டி 800 எஸ் மாடலில் அந்த அதிர்வை உறிஞ்சும் அமைப்பு ஒன்றை உள்ளே வைத்தார்கள். தயாரித்தவரே குறைத்துக்கொண்ட ஒன்றை நீங்கள் சாஃப்ட்வேரில் குறைத்தால் தூய்மை கெட்டுவிடாது.

டிடி 990இன் குத்தல் பெரும்பாலும் 8 கிலோஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். பெரும்பாலும் என்றுதான் சொல்ல முடியும். காது மடலின் வடிவமும் காதுக் குழாயின் நீளமும் ஆளுக்கு ஆள் மாறுவதால், 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே ஒரே ஹெட்போன் உங்களுக்கு ஒரு மாதிரியும் எனக்கு வேறு மாதிரியும் கேட்கும். அதனால் உங்கள் காதைக் கொண்டே மேட்டைத் தேடுங்கள். 4 கிலோஹெர்ட்ஸிலிருந்து 10 கிலோஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும், விசில் போன்ற சைன் ஒலி ஒன்றை, ஒலியளவை நன்றாகக் குறைத்து வைத்து ஓடவிடுங்கள். ஓரிடத்தில் அது சட்டென்று முன்னே பாய்ந்து வந்து, பிறகு அடங்கும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த இடத்தை மட்டும் ஏற்றி இறக்கும் பீக் ஃபில்டர் ஒன்றை ஈக்யூவில் வைத்து 3 டெசிபல் இறக்குங்கள். ஃபில்டர் எவ்வளவு குறுகலாக வேலை செய்யும் என்பதைச் சொல்லும் க்யூ அளவு 2 அல்லது 3 போதும். இன்னும் குத்தினால் 5 வரை போகலாம். அதற்கும் மேல் இறக்க வேண்டியிருந்தால் ஹெட்போனே உங்களுக்குப் பொருந்தவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

விண்டோஸில் இதற்கு ஈக்வலைசர் ஏபிஓ இலவசமாகவே கிடைக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் வேவ்லெட் இருக்கிறது. ஆட்டோஈக்யூ திட்டத்தில் ஏராளமான மாடல்களுக்குத் தயார் அமைப்புகள் உண்டு, அவை வேவ்லெட்டுக்குள்ளேயே வந்துவிடும். அந்தத் தயார் அமைப்புகள் பலவும் ஹார்மன் வளைகோட்டைக் குறிவைப்பவை. ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் அவருடைய குழுவினரும் நிறையப் பேரைக் கேட்கவைத்து, பெரும்பாலோருக்கு எது பிடிக்கிறது என்று ஆராய்ந்து வரைந்த கோடு அது. தொடங்க நல்ல இடம். ஆனால் பலருடைய ரசனையைக் கூட்டி எடுத்த சராசரி என்பதால், சிலருக்கு அதில் பாஸ் தூக்கலாகத் தெரியும். பாஸை 2 டெசிபல் குறைத்துக்கொண்டால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

இரண்டு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். எங்காவது 5 டெசிபல் ஏற்றினால் ஈக்யூவில் மொத்த ஒலியளவைக் கட்டுப்படுத்தும் ப்ரீஆம்ப் அளவை மைனஸ் 5க்கு இறக்கிவிடுங்கள். இல்லையென்றால் உரத்த இடங்களில் ஒலி வெட்டுப்பட்டுக் கரகரக்கும். “ஈக்யூ போட்டால் கெட்டுவிடும்” என்பவர்கள் பலர் கேட்டது இந்தக் கரகரப்பைத்தான் என்பது என் சந்தேகம். அப்புறம், ஈக்யூ போட்டும் போடாமலும் ஒப்பிடும்போது இரண்டிலும் ஒலியளவு ஒன்றாக இருக்க வேண்டும். சற்றே உரக்கக் கேட்பது எதுவானாலும் காதுக்கு அதுதான் நல்லதாகத் தோன்றும்.

அமைத்ததும் தினமும் நோண்டிக்கொண்டிருக்காதீர்கள். ஒரு வாரம் அப்படியே விட்டுவிட்டுப் பாட்டைக் கேளுங்கள். பிறகு ஒருநாள் ஈக்யூவை அணைத்துப் பாருங்கள், வித்தியாசம் அப்போது சரியாகத் தெரியும்.

கேள்வி: மெதுவாக வைத்தால் பாட்டில் உயிரே இல்லை. உரக்க வைத்தால் தலைவலி. என்ன செய்ய?

பதில்: ஒலியளவு குறையும்போது நம் காது பாஸை முதலில் கைவிடுகிறது. ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933இலேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். ஆகவே இரவில் மெதுவாகக் கேட்பதற்கென்று தனியாக ஓர் ஈக்யூ அமைப்பு வைத்துக்கொள்ளுங்கள். 100 ஹெர்ட்ஸ் பக்கம், அதற்குக் கீழே உள்ளதை மொத்தமாக ஏற்றும் லோ ஷெல்ஃப் போட்டு 4 டெசிபல் ஏற்றம், உச்ச ஸ்தாயியில் மிஞ்சிப்போனால் 1 டெசிபல். ப்ரீஆம்ப் இறக்க மறக்க வேண்டாம். உரக்க வைத்தால்தான் கிடைக்கும் என்று நினைத்த உயிரில் பாதி இதிலேயே வந்துவிடும்.

உரக்கக் கேட்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பாதுகாப்பான கேட்டலுக்காக உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 83 டெசிபலில் 20 மணி, 86இல் 10 மணி, 89இல் 5 மணிதான். நல்ல ஹெட்போனில் ஓர் ஆபத்து உண்டு. ஒலி சிதையாமல், கத்தாமல் ஏறுவதால் எவ்வளவு உரக்க வைத்திருக்கிறோம் என்பதே தெரியாது. கேட்டு முடித்ததும் காதில் ரீங்காரம் இருந்தால் அது அதிகம். அடுத்த நாளும் நீடித்தால் காது மருத்துவரைப் பாருங்கள், ஹெட்போனைப் பற்றி அப்புறம் பேசலாம்.

இன்னொன்றும் பாருங்கள். பக்கத்தில் மின்விசிறியும் பேச்சுச் சத்தமும் இருக்கும் அறையில் பின்பக்கம் திறந்த ஓப்பன் பேக் ஹெட்போனில் கேட்கிறீர்களா? அதை அமுக்கத்தான் உங்களை அறியாமல் ஒலியளவைக் கூட்டுகிறீர்கள். அந்த அறைக்கு க்ளோஸ்டு பேக்தான் சரி.

கேள்வி: 300 ஓம் ஹெட்போனுக்குப் பெரிய ஆம்ப்ளிஃபயர் (ஆம்ப்) இல்லாமல் முடியாது என்கிறார்களே?

பதில்: ஓம் என்பது ஹெட்போனின் மின்தடை, அந்த எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்பதைப் பெட்டியில் சென்சிடிவிட்டி என்று போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். 300 ஓம் கொண்ட எச்டி 600க்கு 1 வோல்ட் கொடுத்தால் 97 டெசிபல் வரும். போனில் செருகும் சின்ன டாங்கிள் பலவும் 1 வோல்ட் வாக்கில் தரும். நீங்கள் சராசரியாக 75 டெசிபலில் கேட்டு, பாட்டின் உச்சம் அதைவிட 20 டெசிபல் எகிறினாலும் 95தான். ஆக, மிதமாகக் கேட்பவருக்கு டாங்கிளே போதும். மெதுவாகப் பதிவு செய்த சிம்ஃபனி கேட்பவர், ஈக்யூவில் ப்ரீஆம்ப் இறக்குபவர், இவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் பலம் வேண்டும். சாதாரண ஆம்ப் ஒன்று அதைத் தந்துவிடும்.

மறுபக்கம் ஹைஃபைமேன் சுஸ்வாராவைப் பாருங்கள். 60 ஓம்தான், பார்த்தால் சாது. ஆனால் 1 மில்லிவாட்டுக்கு 83 டெசிபல்தான் தரும். 103 டெசிபல் உச்சத்துக்கு 100 மில்லிவாட், 110க்கு 500 மில்லிவாட் கேட்கும். இதற்கு நிஜமாகவே பெரிய ஆம்ப் வேண்டும். குறைந்த ஓம் ஹெட்போன் வைத்திருப்பவர்கள் ஆம்பின் வெளியீட்டு இம்பீடன்ஸையும், அதாவது ஆம்பின் பக்கத்து மின்தடையையும், பார்க்க வேண்டும். ஹெட்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் இருந்தால் நல்லது, 32 ஓமுக்கு 4 ஓம் என்பது போல.

கேள்வி: கேபிள் மாற்றினால் ஒலி மாறுமா?

பதில்: பழைய கேபிள் பழுதாக இருந்தால் மாறும். மற்றபடி சட்டையில் உரசும்போது காதில் கரகரவென்று கேட்காத, முறுக்கிக்கொள்ளாத, நீளம் பொருந்துகிற கேபிளாகப் பார்த்து வாங்குங்கள். வெள்ளிக் கம்பிக்கு வைத்த காசில் புது பேட் வாங்கலாம்.

கேள்வி: பேட் என்றதும் நினைவுக்கு வருகிறது. வெல்வெட் பேடை எடுத்துவிட்டு லெதர் பேட் போட்டேன். ஏசி இல்லாமல் வியர்க்கிறது, பாஸும் முன்பு மாதிரி இல்லை.

பதில்: லெதர் காற்றை அடைக்கும், அதனால் வியர்க்கும். அதே காரணத்தால் பல மாடல்களில் பாஸ் கூடி, நடுப்பகுதி மாறிவிடும். துணி காற்றை விடும், பாஸில் கொஞ்சம் கசியும். உள்பக்கத் துளைகள், தடிமன், காதுக்கும் டிரைவருக்கும் உள்ள தூரம், எல்லாமே ஒலியை மாற்றும். பழைய பேட் நசுங்கித் தட்டையாகிவிட்டால்கூட டிரைவர் காதருகே வந்து ஒலி வேறாகிவிடும். “முன்பு மாதிரி இல்லை, பழசாகிவிட்டது” என்று ஹெட்போனையே விற்கக் கிளம்புபவர்கள் முதலில் நிறுவனத்தின் அசல் பேட் ஒரு ஜோடி வாங்கிப் போட்டுப் பாருங்கள். உங்களுக்கும் அதுதான் பதில், பழைய வெல்வெட் மாதிரிக்கே திரும்புங்கள். அழுக்கான துணி பேடைக் கழற்றி, மென்மையான சோப்புத் தண்ணீரில் கையால் அலசி, நிழலில் நன்றாக உலர்த்தலாம். லெதருக்கு ஈரத்துணி போதும், ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் வெடித்து உரியும்.

கேள்வி: உயர்ரக ஹெட்போனைப் பழசாக வாங்கலாமா?

பதில்: தாராளமாக. நல்ல ஹெட்போனில் தேய்வது பேடும் கேபிளும் ஹெட்பேண்ட் பஞ்சும்தான், அவை தனியாகக் கிடைக்கும் மாடலாகப் பார்த்து எடுங்கள். பார்க்கப் போகும்போது உங்கள் போன், டாங்கிள், நன்றாகப் பழகிய இரண்டு பாட்டு, மெல்ல ஏறும் சைன் ஒலி உள்ள ஒரு ஸ்வீப் கோப்பு, இவற்றைக் கொண்டுபோங்கள். பாட்டை மோனோவில் ஓடவிட்டால் குரல் நட்டநடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஹெட்போனைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். சாய்வும் பக்கம் மாறினால் டிரைவரிலோ டாங்கிளிலோ கோளாறு, மாறாமல் அதே பக்கம் நின்றால் உங்கள் காதுதான் காரணம். பிறகு 20 ஹெர்ட்ஸிலிருந்து 200 வரை ஸ்வீப் ஓடவிடுங்கள். எங்காவது ‘கிர்ர்’ என்று அதிர்ந்தால் டிரைவர் தகட்டில் முடி விழுந்திருக்கலாம். பேடைக் கழற்றிப் பார்த்து, ஒரே ஒரு முடிதான் என்றால் விற்பவர் முன்னாலேயே எடுத்துவிட்டு மறுபடி ஸ்வீப் ஓடவிடுங்கள். சத்தம் போகாவிட்டால் விலை பேசாமல் கிளம்பிவிடுங்கள்.