யாரோ உடுத்திய துணி – கடிதம்

அன்புள்ள ஐயா,

லண்டனில் முதுகலை படிக்கிறேன். இங்கே ஆக்ஸ்ஃபாம் மாதிரியான, நன்கொடையாக வந்த சாமான்களை விற்கும் சாரிட்டி கடைகளில் பழைய துணி, பாத்திரம் வாங்குவது எனக்குப் பிடித்துவிட்டது. போன வாரம் ஒரே நாளில் ஏழு சட்டை எடுத்தேன், அவ்வளவு மலிவு. சென்னையில் இருக்கும் அம்மா வீடியோ காலில் பார்த்துவிட்டு, ‘செத்தவங்க துணியோ என்னவோ, தோஷம்’ என்று அழுதுவிட்டார். நோய் ஏதும் தொற்றுமா? அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது?

யாழினி

அன்புள்ள யாழினி,

நன்றாகத் துவைத்து, நன்றாக உலர்த்தி உடுத்துங்கள். நோய்க்கு அது போதும்.

தோஷத்துக்கு வருகிறேன். வீட்டில் பேத்தி பிறந்திருக்கிறாள், அதனால் கொஞ்ச நாளாக இதே நினைப்புதான். நம் வீடுகளில் பிறந்த பிள்ளைக்கு உடனே புதுத்துணி போடுவதில்லை. தாத்தாவின் நைந்த வேட்டியைக் கிழித்துத்தான் சுற்றுவோம். தூளிக்குப் பாட்டியின் பழம்புடவை. பலமுறை துவைத்த நூல் பிஞ்சு உடம்பை உறுத்தாது. நெடுநாள் வாழ்ந்தவர் துணி பட்டால் ஆயுசு கெட்டி என்றும் சொல்வார்கள். அங்கே எங்கே போயிற்று தோஷம்?

தீபாவளிக்கு முன் பீரோவை ஒழித்து, நாம் கட்டிச் சலித்த புடவைகளை வீட்டுவேலைக்கு வரும் அம்மாவிடம் நீட்டுகிறோம். அதைப் புண்ணியம் என்கிறோம். அதே போலொரு துணியை நம் பெண் உடுத்தினால் தோஷமாம். அவர் பிள்ளைகளுக்கு ஒட்டாத தோஷம் நம் பிள்ளைக்கு மட்டும் எப்படி ஒட்டும்? கொடுக்கிற கையாக இருக்கும்வரை நமக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. கௌரவக் குறைச்சல் என்று வெளிப்படையாகச் சொன்னாலாவது பேசித் தீர்க்கலாம். ஆனால் அம்மாவிடம் இதைச் சொல்லிச் சண்டை போடாதீர்கள். பெண் காசில்லாமல் கஷ்டப்படுகிறாளோ என்றுதான் அழுதிருப்பார்.

எனக்கு உங்கள் மேல்தான் கோபம். ஏழு சட்டை எதற்கு?

சென்னை சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டி, பழைய சாமான்கள் கிடைக்கும் மூர் மார்க்கெட் இருந்தது. 1985-இல் எரிந்து போவதற்கு முன் அப்பா என்னை அங்கே அழைத்துப் போவார். ஊறுகாய் ஜாடியைக் கையில் ஏந்தி விரல் முட்டியால் தட்டுவார். கணீரென்றால் எடுப்பார். டொக்கென்றால் கண்ணுக்குத் தெரியாத விரிசல், வைத்துவிடுவார். பேன்ட் என்றால் உள்பக்கத்தைத் திருப்பித் தையலைப் பார்ப்பார், தொடைப் பக்கம் துணி இளைத்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடிப்பார். கேட்ட விலையில் பாதிக்கும் கீழே சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார். கடைக்காரர் கூப்பிடுவார். அரை நாள் துழாவி ஒரு சாமானோடு வீடு திரும்புவோம். அந்தத் துழாவலில்தான் சுகமே. நீங்கள் ஏழில் ஒன்றையாவது திருப்பிப் பார்த்தீர்களா? மலிவு என்று அள்ளுவதற்கு ஆடித் தள்ளுபடியே போதுமே, சாரிட்டி கடை எதற்கு? தேவைக்கு இரண்டை வைத்துக்கொண்டு மற்றதைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

சரி, அம்மா விஷயம். ஊருக்கு வரும்போது ஒரு வெள்ளிக்கிழமை அவரைப் பல்லாவரம் சந்தைக்கு அழைத்துப் போங்கள். துணிப் பக்கம் போகவே வேண்டாம். பழைய இரும்பு தோசைக்கல் ஒன்றைத் தேடுங்கள், அடி தட்டையாக, நடுவில் கறுத்து வழவழவென்று இருப்பதாக. வருஷக்கணக்கில் எண்ணெய் குடித்த கல்லில் தோசை ஒட்டாமல் எழும்பும். புதுக்கல்லைப் பழக்க எத்தனை வெங்காயம் தேய்க்கவேண்டும் என்று அம்மாவுக்குத் தெரியும். பேரத்தை அவரிடமே விட்டுவிடுங்கள்.