அடிபட்டவனோடு ஸ்டேஷனுக்கு யார் போவது?

வேலூர் நீதிமன்றத்தில் கிரிமினல் பக்கம் வழக்காடுகிறேன். தன்பாலீர்ப்பு உள்ளவர் என்ற ஒரே காரணத்துக்காக அடி வாங்கியவர்கள், பணம் பறிகொடுத்தவர்கள், வீட்டில் அடைபட்டவர்கள், அவர்களுக்குத் துணையாக நிற்க நினைப்பவர்கள் என்று பலர் கேட்டிருந்தீர்கள். பழைய வட ஆற்காடு முழுக்க, ஆம்பூரிலிருந்து ஆரணி வரை, கேள்வி ஒரே மாதிரிதான் இருக்கிறது. ஊரும் அடையாளமும் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

அக்கா, என் நண்பனை ஒரு ஆப்பில் பேசிப் பழகியவன் ராத்திரி பாலாற்றுப் பக்கம் வரச் சொன்னான். போனால் மூன்று பேர். அடித்து, ஜிபேயில் பணம் அனுப்ப வைத்து, போனையும் பிடுங்கிக்கொண்டார்கள். வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று புகார் வேண்டாம் என்கிறான். நான் என்ன செய்ய?

முதலில் ஆஸ்பத்திரி. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எந்த நேரமும் பார்ப்பார்கள். அங்கே நம் பையன்கள் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு: டாக்டர் கேட்டால் "பைக்கிலிருந்து விழுந்துட்டேன்" என்பார்கள். அதை அவர் ஏ.ஆர். புத்தகத்தில், அதாவது விபத்துப் பதிவேட்டில், அப்படியே எழுதிவிடுவார். நாலு நாள் கழித்து மனசு மாறிப் புகார் கொடுக்கப் போனால், எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியைத்தான் கோர்ட்டில் ஆட்டிக் காட்டுவார். "மூன்று பேர் அடித்தார்கள்" என்று சொன்னால் போதும். ஏன் அடித்தார்கள், அவன் யாரை விரும்புகிறான் என்பதெல்லாம் அந்தப் பதிவேட்டுக்குத் தேவையில்லை. பாலியல் ரீதியாகவும் ஏதாவது நடந்திருந்தால் டாக்டரிடம் மட்டும் தனியாகச் சொல்லச் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தாக வேண்டும், சீக்கிரம் ஆரம்பித்தால் அவ்வளவு நல்லது.

அடுத்தது பணம். இணைய மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு உடனே போன் பண்ணுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்கு முன் நிறுத்த வாய்ப்பு இருக்கிறது. போன் வாங்கிய டப்பாவில் ஐ.எம்.இ.ஐ. எண், அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள எண், இருக்கும், அதை எடுத்து வையுங்கள்.

புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது அவன் முடிவு. இதில் நான் கண்டிப்பாக இருப்பேன். கோபத்தில் நீங்களே ஸ்டேஷனுக்குப் போய் அவன் பெயரைச் சொல்லிவிட்டால், அந்த மூன்று பேர் செய்யாமல் விட்டதை நீங்கள் செய்ததாக ஆகும். ஆனால் கொடுக்கும் நாள் வந்தால் கையில் காகிதம் இருக்க வேண்டும். ஏ.ஆர். நகல், பணம் போன ரசீது, யார் எப்போது எங்கே வரச் சொன்னான் என்று அவன் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதிய ஒரு பக்கம். இதையெல்லாம் இன்றே செய்யுங்கள். அந்த ஆப்பில் அவன் பிளாக் செய்துவிட்டால் பேசியது மொத்தமும் மறைந்துபோகும், அதனால் ஸ்க்ரீன்ஷாட் ஏதாவது யாருக்காவது அனுப்பியிருந்தானா என்றும் தேடுங்கள்.

மேடம், புகார் கொடுக்கப் போனோம். "ராத்திரி பதினொரு மணிக்கு அங்க உனக்கு என்ன வேலை?" என்று கேட்டுவிட்டு சி.எஸ்.ஆர். மட்டும் போட்டு அனுப்பிவிட்டார்கள். இது போதுமா?

போதாது. சி.எஸ்.ஆர். என்பது புகார் வந்தது என்பதற்கான ரசீதுதான், எஃப்.ஐ.ஆர். ஆகாது. சாதாரணமாகக் கையால் அடித்தார்கள் என்று மட்டும் எழுதினால் அது பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது பழைய ஐ.பி.சி.க்குப் பதில் வந்த தண்டனைச் சட்டம், பிரிவு 115(2). அந்தப் பிரிவில் போலீஸ் தானாக விசாரிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. "கைகலப்பு" என்று எழுதி முடித்துவிடுவது இந்த வழியாகத்தான். ஆனால் அடித்துப் போனைப் பிடுங்கியது வழிப்பறி. 309(6) பிரிவில் ஆயுள் தண்டனை வரைக்கும் போகலாம். மிரட்டிப் பணம் வாங்கியது 308. இரண்டிலும் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும், லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013லேயே சொல்லிவிட்டது. ஆகவே புகாரை எழுதும்போது அடியை மட்டும் எழுதாதீர்கள். பிடுங்கியதையும் மிரட்டியதையும் மேலே எழுதுங்கள், அடி கீழே வரட்டும்.

"அங்க என்ன வேலை" என்பதற்கு "ஒருவர் கூப்பிட்டார், பார்க்கப் போனேன்" என்பது முழுமையான பதில். அது உண்மையும்கூட. 2018 செப்டம்பர் 6ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு வயது வந்த இருவர் விரும்பிச் சந்திப்பதில் குற்றம் எதுவும் இல்லை.

எல்லை பற்றியும் சொல்ல வேண்டும். 2019ல் வேலூர் மாவட்டம் மூன்றானதிலிருந்து "இது ராணிப்பேட்டை, எங்களுது இல்ல" என்ற பதில் அதிகமாகிவிட்டது. காட்பாடி ஜங்ஷன் பிளாட்பாரத்தில் நடந்தால் ரயில்வே போலீஸ் என்பார்கள். எல்லை பார்க்காமல் எந்த ஸ்டேஷனிலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போடலாம், அவர்கள்தான் உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173ல் இருக்கிறது. மறுத்தால் அதே புகாரைப் பதிவுத் தபாலில் எஸ்.பி.க்கு அனுப்பி ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் 175(3) மனு.

இன்னொன்று, அந்த ஸ்டேஷனில் கிண்டல் செய்தவரின் பெயர்ப் பட்டையைப் பார்த்தீர்களா? சார்நிலைக் காவலர் நடத்தை விதிகளில் 2022ல் 24-சி என்று ஒன்று சேர்த்திருக்கிறார்கள். இந்தச் சமூகத்தவரையும், அவர்களுக்காக வேலை செய்பவர்களையும் எந்தக் காவலரும் துன்புறுத்தக் கூடாது என்பது அந்த விதி. நான் புகாரின் கடைசிப் பத்தியில் இதை ஒரு வரி எழுதிவிடுவேன். படிப்பவரின் குரல் கொஞ்சம் இறங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

377தான் போய்விட்டதே, அப்புறம் ஆண் ஒருவனைப் பலாத்காரம் செய்தால் என்ன பிரிவு?

நோகிற இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். 377 என்பது பழைய ஐ.பி.சி.யில் 'இயற்கைக்கு மாறான' உறவைக் குற்றமாக்கிய பிரிவு. 2018 தீர்ப்பு வயது வந்தவர்களிடையே சம்மதத்தோடு நடப்பதைத்தான் விடுவித்தது, சம்மதம் இல்லாததற்கு 377 அப்படியே இருந்தது. 2024 ஜூலை 1ல் வந்த புதிய சட்டத்தில் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். பலாத்காரத்துக்கான 63வது பிரிவு பெண் பாதிக்கப்பட்டால் மட்டும். ஆக, வயது வந்த ஆணுக்கு நடந்தால் காயம், கொடுங்காயம், அடைத்து வைத்தல், மிரட்டல் என்று துண்டு துண்டாகத்தான் போட வேண்டியிருக்கிறது. 18 வயது ஆகாதவர் என்றால் குழந்தைகள் பாதுகாப்புச் சட்டமான போக்சோ, அதில் ஆண் பெண் பேதம் இல்லை.

அக்கா, நானும் என் தோழியும் சேர்ந்து வாழ முடிவு செய்தோம். அவள் வீட்டார் வந்து இழுத்துப் போய்விட்டார்கள். அடிக்கிறார்களாம். போலீஸ் "அது குடும்ப விவகாரம்" என்கிறது. நான் அவளுக்கு யார் என்று எந்தக் காகிதமும் இல்லையே?

காகிதம் வேண்டாம் தங்கச்சி. நம் மாவட்டத்து வழக்கே இருக்கிறது. 2025 மே 22ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் சொன்ன தீர்ப்பு. எதிர்மனுதாரர் வேலூர் எஸ்.பி. நீங்கள் சொல்வது போலவேதான். 25 வயதுப் பெண்ணை வீட்டார் கட்டாயமாகக் கொண்டுபோய் அடித்து, "சரியாக" வேண்டும் என்று சடங்குகளும் செய்ய வைத்தார்கள். அடைத்து வைத்தவரைக் கோர்ட் முன் கொண்டுவரக் கேட்கும் ஆட்கொணர்வு மனுவைத் தோழி போட்டார். அந்தப் பெண் நீதிபதிகள் முன் வந்து, தோழியோடுதான் போவேன் என்றார். போகலாம் என்றது கோர்ட். வீட்டார் தலையிடக் கூடாது, கேட்டால் போலீஸ் பாதுகாப்புத் தர வேண்டும் என்றும் உத்தரவு. 2023ல் உச்ச நீதிமன்றம் ஒருபால் திருமணத்தை ஏற்கவில்லை என்பது உண்மை. ஆனால் குடும்பமாக இருக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்பதில்லை என்று இந்தத் தீர்ப்பு சொன்னது. காவல்துறை மெத்தனமாக இருந்ததையும் கண்டித்தார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது: அவளுக்கு 18 தாண்டியதற்கான ஆதாரம், அவள் அனுப்பிய கடைசி மெசேஜ், இழுத்துப் போன தேதி. சென்னைக்கு ஓட முடியாவிட்டால் இங்கேயே மாஜிஸ்திரேட்டிடம் பி.என்.எஸ்.எஸ். 100ல் தேடுதல் வாரண்ட் கேட்கலாம். பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம், வருமானம் பார்க்க மாட்டார்கள். 15100க்கு அழையுங்கள், அல்லது சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போங்கள்.

டாக்டரிடம் காட்டினால் மாறிவிடுவான் என்கிறார் மாமா.

மாற்றுகிறேன் என்று சொல்லும் டாக்டரின் பெயரை மாமாவிடம் கேட்டு எனக்குச் சொல்லுங்கள். 2022 முதல் அது மருத்துவருக்கே நடத்தைக் குற்றம்.

டீக்கடையில் ஒரு பையனின் நடையைப் பார்த்து நாலைந்து பேர் "ஒம்போது" என்று கத்திக் கையைப் பிடித்து இழுத்தார்கள். நான் பேசாமல் இருந்துவிட்டேன். என்ன செய்திருக்கலாம்?

அவர்களிடம் பேச வேண்டாம், பையனிடம் பேசுங்கள். "டேய் தம்பி, எவ்ளோ நேரமா தேடறேன், வா" என்று தெரிந்தவர் போலக் கூட்டிப் போய்விடலாம். நியாயம் பேசப் போனால் அவர்களுக்கு மானப் பிரச்சினை ஆகி அடி அவன் மேல்தான் விழும். கை மீறினால் 112. வீடியோ எடுத்தால் அடிப்பவன் முகத்தை எடுங்கள். அதை வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள், பையனிடம் கொடுங்கள்.

இதெல்லாம் நம் பண்பாட்டில் உண்டா?

அடித்துப் பிடுங்குவது எந்தப் பண்பாட்டில் இருக்கிறது என்று நீங்கள் சொன்னால் மீதியைப் பேசலாம்.

அம்மா, நான் பீடி சுற்றுகிறேன். மகன் முகம் வீங்கி வந்தான். விழுந்துவிட்டேன் என்கிறான். அவன் "அப்படி" என்று எனக்குக் கொஞ்ச நாளாகச் சந்தேகம். நேராகக் கேட்டுவிடவா?

கேட்காதீர்கள் அம்மா. இப்போது அவனுக்கு வேண்டியது அந்தக் கேள்வி இல்லை. "யார் அடிச்சாங்கன்னு சொல்லணும்னா சொல்லு, நான் கூட வர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள். சொல்லும்போது சொல்வான். அந்த வேலூர் வழக்கில் நீதிபதிகள், எல்லாப் பெற்றோரும் லீலா சேத் போல இருப்பதில்லை என்று எழுதினார்கள். பெரிய நீதிபதியாக இருந்தவர், மகன் இப்படித்தான் என்று தெரிந்தும் ஊர் அறிய அவன் பக்கம் நின்ற அம்மா. அவருக்குச் சட்டம் தெரியும், உங்களுக்கு நான் சொல்லித் தருகிறேன்.

ராத்திரி அவன் தூங்காமல் இருந்தால் மனநல உதவிக்கான 14416 எண்ணில் பேசச் சொல்லுங்கள், தமிழில் பேசுவார்கள். கிழிந்த சட்டை இருந்தால் துவைத்துவிடாதீர்கள். காய வைத்து, பிளாஸ்டிக் பையில் இல்லாமல் காகிதக் கவரில் மடித்து, இன்றைய தேதியை மேலே எழுதிப் பீரோவில் வையுங்கள்.