புனித அன்னம்மாள் திருநாள் ஏன் ஜூலை 26இல் வருகிறது? அது அவர் இறந்த நாளா?

இல்லை. பெரும்பாலான புனிதர்களுக்கு இறந்த நாளே திருநாள். விண்ணகத்தில் பிறந்த நாள் என்று திருச்சபை அதைக் கொண்டாடுகிறது. இயேசுவின் தாய் மரியாளைப் பெற்றவரான அன்னம்மாளின் இறந்த நாள் எங்கும் பதிவாகவில்லை. விவிலியத்தில் அவர் பெயரே கிடையாது! அவர் பிள்ளையில்லாமல் கண்ணீர் விட்ட கதையெல்லாம் 2ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட, விவிலியத்தில் சேராத ‘யாக்கோபு முதல் நற்செய்தி’ என்ற நூலில் இருந்து வந்தது. ஆக, ஜூலை 26 வழிபாட்டு மரபு தந்த தேதி. கணவர் சுவக்கீனுக்கும் கத்தோலிக்கத் திருச்சபையின் 1969 நாள்காட்டித் திருத்தத்திலிருந்து அதே நாள்தான்.

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் புக்கிட் மெர்தாஜாமில் நடக்கும் அன்னம்மாள் திருவிழாவுக்குப் போய்ப் பாருங்கள். உருகிய மெழுகு விரலில் வழிந்தாலும் மெழுகுவர்த்தியைக் கீழே வைக்காமல் பிள்ளை வரம் கேட்டு நிற்கும் பெண்களைப் பார்த்தால், அந்தப் பழங்கதை இன்னும் உயிரோடு இருப்பது புரியும்.