புதிய பவளத் தொட்டியில் பிஎச் குறைந்தால் பவுடர் போடலாமா?

சுங்கை சிப்புட் வீட்டில் வைத்த இரண்டு மாதப் பவளத் தொட்டியில் காலையில் பிஎச் 7.8 காட்டுகிறது, அதை ஏற்றும் பவுடர் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் தம்பி. இரவில் ஒளிச்சேர்க்கை நின்றுவிடும், கதவடைத்த வீட்டில் கரியமில வாயு சேரும், பிஎச் இறங்கும். முதலில் ஜன்னலைத் திறந்து வைத்துப் பாருங்கள்.

உண்மையில் கவனிக்க வேண்டியது கேஎச், அதாவது தண்ணீரின் காரத்தன்மை அளவு (dKH). அதை 8-ஐ ஒட்டி வையுங்கள். குறைந்திருந்தால் ஒரு நாளில் 1-க்கு மேல் ஏற்றாதீர்கள். பவளம் தன் சுண்ணாம்புக் கூட்டைக் கட்டும்போது கேஎச் 2.8 குறைந்தால் கால்சியம் 20 பிபிஎம்தான் (பத்து லட்சத்தில் 20 பங்கு) குறையும். அதனால்தான் கால்சியம் 420-இல் அசையாமல் நிற்பதுபோலவும் கேஎச் மட்டும் சரிவதுபோலவும் தெரியும்.

அப்புறம், நம் ஊர் வெக்கையில் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகும், உப்பு அப்படியே தங்கிவிடும். ஆவியாகிக் குறைந்த அளவுக்கு ஆர்ஓ வடிகட்டி நன்னீரை மட்டும் தினமும் ஊற்றுங்கள். உப்புநீர் வேண்டாம், குளோரின் கலந்த பைப்புத் தண்ணீரும் வேண்டாம்.