நெல்சன் வேடத்துக்குக் கறுப்புத் துணி வேண்டாம்

பள்ளி மாறுவேடப் போட்டியில் மகனுக்குப் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி அட்மிரல் நெல்சன் வேடம், எந்தக் கண்ணில் கறுப்புத் துணி கட்டுவது என்று கேட்டிருந்தீர்கள். எந்தக் கண்ணிலும் வேண்டாம், கடற்கொள்ளைக்காரன் மாதிரி ஆகிவிடும்! 1794இல் கோர்சிகா தீவின் கால்வி நகர முற்றுகையில் வலது கண்ணில் அடிபட்டுப் பார்வை போனது உண்மைதான். ஆனால் அந்தக் கண்ணை அவர் துணி கட்டி மறைத்ததில்லை.

கையில்தான் கவனம் வேண்டும். 1797இல் டெனெரிஃப் தீவில் நடந்த சண்டையில் வலது கையை இழந்தார். கோட்டின் வலது கையை வெறுமையாக விட்டு, மடித்து, நெஞ்சருகே ஊக்கு குத்திவிடுங்கள்; ஓவியங்களில் அப்படித்தான் இருக்கும். கத்தியும் முள்கரண்டியும் ஒன்றாகச் சேர்ந்த ஒரு கருவியை வைத்து இடது கையால் சாப்பிட்டவர். முடிந்தால் அட்டையில் அதையும் வெட்டிக் கொடுங்கள், கைத்தட்டல் கிடைக்கும். அப்புறம், 1805இல் டிரஃபால்கர் கடற்போரில் இறந்தபோது அவருக்கு வயது 47. தாடி ஒட்டிவிடாதீர்கள்.