ஆர்சி (ரிமோட்) ப்ளேன் பறக்கும்போது ரெண்டு செகண்ட் கன்ட்ரோல் போய் திரும்ப வருது, கீழ செக் பண்ணா எல்லாம் சரியா இருக்கு. ரிசீவர் (ப்ளேன்ல சிக்னல் வாங்குற பெட்டி) மாத்தணுமா?

மாத்தாதீங்க, முதல்ல கரண்ட்ட பாருங்க. இதே மாதிரி என் ஃபோம் ப்ளேன்ல வந்தப்ப சிக்னல் தான் பிரச்சனைன்னு நானே முடிவு பண்ணி ரெண்டு ரிசீவர் மாத்துனேன், மூணாவது தடவையும் அதே திருப்பத்துல மூக்க குத்திக்கிட்டு விழுந்துச்சு. எடுத்துப் பாத்தா இஎஸ்சி (மோட்டார் வேகத்த கன்ட்ரோல் பண்ற சர்க்யூட்) தொட முடியாத அளவுக்கு கொதிக்குது.

விஷயம் என்னன்னா, இஎஸ்சிக்குள்ள இருக்குற பெக் (பேட்டரி வோல்டேஜ குறைக்கிற பகுதி) தான் ரிசீவருக்கும், ரெக்கை-வால் மடிப்புகள அசைக்கிற குட்டி மோட்டாரான சர்வோவுக்கும் 5 வோல்ட் குடுக்குது. அது லீனியர் டைப்னா மிச்ச வோல்டேஜ் எல்லாம் சூடா தான் போகும். ஃபுல் சார்ஜ் 3எஸ் (மூணு செல்) லிப்போ பேட்டரி 12.6 வோல்ட், சர்வோ எல்லாம் சேந்து 1 ஆம்ப் இழுத்தாலே 7.6 வாட் சூடு, 4எஸ் போட்டா இன்னும் மோசம். கீழ நிக்கும்போது சர்வோ சும்மா ஆடுது, மேல காத்து தள்ளுறத எதிர்த்து பிடிக்கணும், அப்ப தான் வோல்டேஜ் விழுந்து ரிசீவர் ஆஃப் ஆகி மறுபடி ஆன் ஆகும். உங்க ரெண்டு செகண்ட் அநேகமா அது தான்.

செக் பண்றது ஈசி. ப்ரொப்பெல்லர கழட்டிடுங்க (இத மட்டும் சோம்பேறித்தனம் பாக்காதீங்க, விரல் முக்கியம்), ரிசீவர்ல காலியா இருக்குற சேனல்ல வோல்ட்மீட்டர் மாட்டிட்டு ரெண்டு ஸ்டிக்கையும் வேகமா சுத்துங்க, யாரையாவது எலிவேட்டர (வால்ல மேல கீழ ஆடுற மடிப்பு) லேசா விரலால தடுத்துப் பிடிக்கச் சொல்லுங்க. 5 வோல்ட்டு 4 பக்கம் இறங்குச்சுன்னா ஆள் மாட்டிக்கிச்சு. தனியா ஒரு ஸ்விட்சிங் பெக் (சூடு கம்மியா வர்ற டைப்) போடுங்க, இஎஸ்சில இருந்து ரிசீவருக்கு வர்ற சிவப்பு வயர மறக்காம கழட்டி டேப் சுத்திடுங்க.

அதுக்கப்புறமும் வந்தா ஆன்டெனாவ பாருங்க. 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவர்ல நுனில தோல் உரிஞ்ச மாதிரி இருக்குற அந்த 3 சென்டிமீட்டர் தான் உண்மையான ஆன்டெனா, அது கார்பன் ராடு மேலயோ பேட்டரி மேலயோ ஒட்டிட்டு இருக்கக் கூடாது, ரெண்டு இருந்தா ஒண்ணுக்கொண்ணு 90 டிகிரில வைங்க. டிரான்ஸ்மிட்டர்ல ரேஞ்ச் செக் மோட் (சிக்னல் பவர குறைச்சு டெஸ்ட் பண்றது) போட்டு மேனுவல்ல சொன்ன தூரத்துல நடந்து பாருங்க, மோட்டார் ஓடும்போதும் ஒரு தடவை.

ஒரே ஒரு ஐலெரான் (ரெக்கையோட பின்பக்க மடிப்பு) மட்டும் வேலை செய்யலைன்னா கதையே வேற. அந்த சர்வோவ வேற சேனல்ல மாட்டிப் பாருங்க, பிரச்சனையும் அங்க கூடவே வந்துச்சுன்னா சர்வோவோ அதோட வயரோ தான் காரணம், பாதி நேரம் ரெக்கை கழட்டி மாட்டுற இடத்துல இருக்குற கனெக்டர் தான் லூசா இருக்கும்.

ஆங், ஃபெயில்சேஃப்ல (சிக்னல் போனா ரிசீவர் தானா பண்றது) த்ராட்டில் ஜீரோ ஆகுதான்னு டிரான்ஸ்மிட்டர ஆஃப் பண்ணி ஒரு தடவை பாத்துக்கோங்க, இதுக்கும் ப்ரொப்பெல்லர் இல்லாம தான். நான் கோவத்துல கழட்டிப் போட்ட ரெண்டு ரிசீவரும் இப்ப வேற ப்ளேன்ல நல்லா தான் ஓடுது.