மறுசேர்க்கை முறையில் (மனித மரபணுவை வேறு செல்லில் புகுத்தி) தயாரித்த மனித பிஎஃப்4-ஐ, அதாவது இரத்தத்தின் பிளேட்லெட்டுகள் வெளியிடும் புரதத்தை, முதல்முறையாகச் செல்களில் சேர்த்துப் பார்க்கப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

மோனோசைட்டுகளில் (ஒரு வகை வெள்ளை இரத்த அணுக்கள்) சேர்க்கப் போவதாகவும், குப்பி ஏற்கெனவே ஃப்ரீசரில் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இதே சோதனையில் நான்கு மாதத்தைத் தொலைத்தவன் நான். அதனால் என் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

பிஎஃப்4 சேர்த்த மறுநாள் செல்கள் டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தைக் கொட்டித் தீர்த்திருந்தன. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் அதே முடிவு. வரைபடம்கூடப் போட்டுவிட்டேன். பக்கத்து மேசைத் தோழி சாவகாசமாகக் கேட்டாள்: "கொதிக்க வெச்சுப் பார்த்தியா?" புரதம்தான் காரணம் என்றால் சூட்டில் அது கெட்டு, டிஎன்எஃப் குறைய வேண்டும். அரை மணி நேரம் கொதிக்க வைத்துச் சேர்த்தேன். டிஎன்எஃப் கொஞ்சமும் குறையவில்லை. சிறிய புரதங்கள் சில சூட்டைத் தாங்கும், அதனால் இது மட்டும் போதாது என்று செல்கள் எண்டோடாக்சினை உணரும் டிஎல்ஆர்4 ஏற்பியைத் தடுக்கும் வேதிப்பொருளையும் சேர்த்துப் பார்த்தேன். டிஎன்எஃப் அடியோடு நின்றுவிட்டது. இத்தனை நாள் நான் அளந்துகொண்டிருந்தது எண்டோடாக்சினின் வேலையை, அதாவது பாக்டீரியாவின் வெளிச்சவ்விலிருந்து வரும், சூட்டைத் தாங்கும் நச்சின் வேலையை.

காரணம் எளிது. இந்தப் புரதத்தைப் பெரும்பாலும் ஈ. கோலை பாக்டீரியாவில்தான் தயாரிக்கிறார்கள். 70 அமினோ அமிலம் கொண்ட சின்னப் புரதம், இரண்டு டைசல்ஃபைடு பிணைப்புகள், வேலை செய்யச் சர்க்கரைச் சங்கிலி தேவையில்லை, ஆகவே பாக்டீரியா போதும். ஆனால் நான்கு மூலக்கூறுகள் சேர்ந்து நிற்கும் இதன் உடலைச் சுற்றி ஒட்டியாணம் கட்டியதுபோல் நேர்மின்சுமை இருக்கிறது. இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து ஒட்டுவது அங்கேதான். எண்டோடாக்சினின் எதிர்மின்சுமைக்கும் இது பிடித்துவிடுகிறது. லேசில் கழன்று வராது.

குப்பியுடன் வரும் விவரத்தாளில் "தூய்மை 95 சதவீதத்துக்கு மேல்" என்று இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது ஜெல்லில் தெரியும் புரதக் கணக்கு, எண்டோடாக்சின் அதில் வராது. அதற்குத் தனி வரி இருக்கும். ஒரு மைக்ரோகிராம் புரதத்துக்கு 1 எண்டோடாக்சின் அலகுக்குக் கீழே என்று போட்டிருந்தால் நல்ல சரக்கு என்றுதான் தோன்றும். கணக்குப் போடுங்கள்: மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் சேர்த்தால் 10 அலகு வரை போகலாம். ஒரு அலகு சுமார் 0.1 நானோகிராம் என்றால், 1 நானோகிராம் எண்டோடாக்சின். மோனோசைட்டை உசுப்ப அது தாராளம்.

அடுத்த தலைவலி, ஒட்டல். குப்பியைத் திறக்கும் முன் ஒரு சுற்று சென்ட்ரிஃபியூஜில் போடுங்கள், பொடி மூடியில் ஒட்டியிருக்கும். கரைத்ததும் சிறு பங்குகளாகப் பிரித்து மைனஸ் 80-ல் வையுங்கள். திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைக்காதீர்கள். நீர்த்த கரைசலாக வைத்தால் பிளாஸ்டிக் சுவரே புரதத்தைத் தின்றுவிடும். 0.1 சதவீதம் அல்புமின் சேர்த்தால் தப்பிக்கலாம். ஆனால் அதே அல்புமின் கரைசல் உங்கள் கன்ட்ரோலிலும் (பிஎஃப்4 சேர்க்காத ஒப்பீட்டுச் செல்கள்) இருக்க வேண்டும். இன்னொன்று, அடர்த்தி ரொம்பக் குறைந்தால் நான்கு கூட்டும் கலைந்து இரண்டாக, ஒன்றாகப் பிரியும். அப்போது நீங்கள் சோதிப்பது பிளேட்லெட் வெளியிடும் வடிவத்தை அல்ல.

ஹெப்பாரினும் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் விகிதம்தான் எல்லாம். ஹெப்பாரின் கொடுத்த சிலருக்குப் பிளேட்லெட் குறைந்து இரத்தமும் உறைவதற்குக் காரணமான எதிர்ப்பொருள், இந்த இரண்டின் கூட்டணியைத்தான் பிடிக்கிறது. 1992-ல் இது தெரியவந்தது. ஏதோ ஓர் அளவில்தான் பெரிய கூட்டணி உருவாகும். ஹெப்பாரினை அளவுக்கு மீறிக் கொட்டினால் அது உடைந்துவிடும். எலைசாவில் (எதிர்ப்பொருளை அளக்கும் சோதனை) உறுதிப்படுத்தும் சோதனையே இதை வைத்துத்தான்: அதிக ஹெப்பாரின் ஊற்றியதும் சிக்னல் விழுந்தால், எதிர்ப்பொருள் உண்மையானது. 2021-ல் அடினோவைரஸ் வகைக் கொரோனா தடுப்பூசிக்குப் பின் அரிதாகச் சிலருக்கு வந்த இரத்த உறைவிலும் எதிர்ப்பொருள் குறிவைத்தது பிஎஃப்4-ஐத்தான், அங்கே ஹெப்பாரினே இல்லாமல்.

பிளேட்லெட்டிலிருந்தே பிரித்தெடுத்த பிஎஃப்4 வாங்கலாமா என்றால், எண்டோடாக்சின் பயம் குறையும், பிளேட்லெட்டின் மற்ற கெமோகைன்கள் (செல்களை ஈர்க்கும் சிறு புரதங்கள்) கூடவே வரும் பயம் ஏறும். என்னால் முடிந்தால் இரண்டையும் அருகருகே வைத்து ஒரு முறையாவது ஓட்டுவேன். இரண்டிலும் ஒரே முடிவு வந்தால்தான் நம்புவேன்.

அப்புறம், டைசல்ஃபைடு பிணைப்புகளை ஒடுக்கி (உடைத்து), புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டும்போது பட்டை 8 கிலோடால்டன் பக்கம் தெரியும், நான்கும் சேர்ந்த 31-ல் அல்ல. கூட்டு அங்கே பிரிந்துவிடும். புரதம் உடைந்துவிட்டது என்று நான் பயந்ததுபோல் பயந்து, குப்பியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.